தகுதியற்றோர்க்கு ஒரு தஞ்சம்

இலண்டன் ஓல்ட் ஸ்ரீட் நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிற்றி வீதி வழியே நடப்போர், சில நிமிடங்களில் பழைமை வாய்ந்த இரண்டு இடங்களை எதிரெதிரே காண்பர். ஒருபுறம் 1778 நவம்பர் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்ட வெஸ்லி ஆலயம். அதன் பின்புறத்தில் மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லியின் கல்லறை உள்ளது. வீதியின் மறுபுறம் பன்ஹில் பீல்ட்ஸ் என்னும் பழைய இடுகாடு. அங்கே ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழில் அறியப்படும் நூலின் ஆசிரியர் ஜோன் பனியன் துயில்கின்றார்.

இவ்விருவரையும் உலகம் இன்று வெற்றியாளராகக் கொண்டாடுகின்றது. ஆனால், அவர்கள் தம்மைப்பற்றி எழுதிவைத்தவற்றைப் படிப்போர் வேறொரு செய்தியை அறிவர். தாம் எதற்கும் தகுதியற்றவர் என்னும் எண்ணம் இருவரையும் ஆண்டுக்கணக்கில் வாட்டியது. அந்த வாட்டத்தின் நடுவே கிறிஸ்தவ விசுவாசம் அவர்களுக்கு அளித்த ஆறுதல் எத்தகையது என்பதை அறிய, ஏதிலிகளாய் இம்மண்ணில் வந்து சேர்ந்த எமக்குத் தனிக் காரணம் உண்டு.

ஊரிலே நூற்றுக்கணக்கான மாணவருக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், இங்கே எரிபொருள் நிலையத்தின் காசாளர் மேசையில் இரவுகளைக் கழிக்கின்றார். பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்திற் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிற்கத் தாய் தலைகுனிந்திருக்கின்றாள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போக முடியாத மகன், தொலைபேசியிற் பறையொலியைக் கேட்டுவிட்டு வேலைக்குப் புறப்படுகின்றான். அனுப்பிய பணம் போதாது. கற்ற ஆங்கிலம் போதாது. தப்பி வந்தவன் என்ற வகையில் உயிரோடிருப்பதுகூடச் சிலருக்குக் குற்றமாகத் தோன்றுகின்றது. ‘நான் போதாதவன்’ என்னும் இந்த எண்ணத்தை எம்மவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது உள்ளே இருந்து அரிக்கின்றது.

இதற்கு இரண்டு மருந்துகள் பொதுவாக வழங்கப்படுகின்றன. ஒன்று, ‘உன்னால் முடியும்’ என்னும் தேறுதல். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதெனினும், தன்னால் முடியவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டவனுக்கு அது பயன்படுவதில்லை. மற்றையது, சில சமய மேடைகளிற் கேட்கப்படுவது: விசுவாசித்தால் விசா கிடைக்கும், வீடு கிடைக்கும், வியாபாரம் பெருகும். அவை கிடைக்காதபோது, தன் விசுவாசமும் போதாது என்னும் மேலுமொரு பாரம் அம்மனிதனின் தலையில் ஏறுகின்றது. வெஸ்லியின் வாழ்வு இவ்விரண்டும் அல்லாத வேறொன்றைக் காட்டுகின்றது.

கடல் கடந்த தோல்வி

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் வேம்படியிலும் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் கற்றோருக்கு வெஸ்லியின் பெயர் புதிதன்று. 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிசனரிமாரின் பணியிலிருந்தே அக்கல்லூரிகள் தோன்றின. ஆனால் அந்த இயக்கத்தைத் தொடக்கியவரே ஒரு மிசனரியாகத் தோற்றுப்போனவர் என்பதை எம்மிற் பலர் அறியோம்.

1703 இற் பிறந்த வெஸ்லி, ஒக்ஸ்போட் லிங்கன் கல்லூரியின் ஆய்வாளராகவும் கிரேக்க விரிவுரையாளராகவும் விளங்கியவர். நோன்பு, செபம், சிறைவாசிகளைச் சந்தித்தல் என ஒவ்வொரு நாளையும் மணிக்கணக்கிற் பங்கிட்டு வாழ்ந்தார். தம்மைத் தாமே அளந்து, குறித்து, கணக்கு வைத்த மனிதர் அவர். எத்துணை முயன்றும் அக்கணக்கு ஒருநாளும் நேர்ப்படவில்லை.

1735 அக்டோபரில் அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். 1736 சனவரியிற் புயல் எழுந்து பெரும்பாய் கிழிந்தபோது கப்பலில் இருந்த ஆங்கிலேயர் அலறினர். வெஸ்லியும் மரண பயத்தால் நடுங்கினார். அதே கப்பலில் ஜேர்மன் மொழி பேசும் மொறேவியர் சிலர், பெண்களும் பிள்ளைகளுமாக, இடைவிடாது ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தனர். அச்சம் இல்லையா என்று வெஸ்லி பின்னர் கேட்டார். இல்லை என்றனர்.

இம்மக்கள் யார்? சொந்த நாடாகிய மொறேவியாவில் விசுவாசத்தின் பொருட்டு ஒடுக்கப்பட்டு, எல்லை தாண்டி, 1722 இற் சக்சனியிலே சின்சென்டோர்வ் பிரபுவின் நிலத்திற் குடிசை அமைத்தவர்களைத் தோற்றுவாயாகக் கொண்ட சபையினர். இன்றைய சொல்லிற் கூறின், ஏதிலிகளின் சபை. ஒக்ஸ்போட்டின் கல்வி அளிக்காத ஒன்று இவர்களிடம் இருப்பதை வெஸ்லி கண்டார்.

ஜோர்ஜியாவில் அவர் பணி சிதைந்தது. பூர்வீக மக்களுக்கு நற்செய்தி சொல்லச் சென்றவருக்கு அவர்களிடையே பணியாற்ற வாய்ப்பே அரிதாயிற்று. தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்த பின்னர், அவளுக்கு நற்கருணை வழங்க மறுத்தமை வழக்காக வெடித்தது. 1737 டிசெம்பரில் வழக்கு முடியுமுன்னரே இரவோடு வெளியேறினார். 1738 பெப்ரவரியில் இலண்டன் வந்து சேர்ந்தபோது, பிறரை மனந்திருப்பச் சென்ற தம்மை யார் மனந்திருப்புவார் என்று நாட்குறிப்பிலே தம்மையே வினவியிருந்தார்.

ஓல்டர்ஸ்கேற் வீதியில் ஓர் இரவு

அம்மாதமே இலண்டனில் பீற்றர் போலர் என்னும் இளம் மொறேவியப் போதகரைச் சந்தித்தார். விசுவாசம் இல்லாத தாம் பிரசங்கிப்பதை நிறுத்திவிட வேண்டுமா என்று அவரிடம் கேட்டார். நிறுத்த வேண்டாம், விசுவாசம் வரும்வரை அதையே பிரசங்கியும்; வந்த பின்னர் அது இருப்பதனாற் பிரசங்கிப்பீர் என்ற கருத்தில் போலர் பதிலளித்தார். முதலில் தகுதி, பின்னர் பணி என்றிருந்த வெஸ்லியின் கணக்கை இந்த விடை தலைகீழாக்கியது.

1738 மே 24 ஆந் திகதி மாலை, விருப்பமின்றியே, ஓல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குச் சென்றார். உரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் வரைந்த முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கையில், தம் உள்ளம் அனல்கொண்டதாக உணர்ந்தார் என்று வெஸ்லி எழுதுகின்றார். அதற்கு மூன்று நாள் முன்னர் அவர் தம்பி சார்ள்ஸ், நோயுற்றுப் படுத்திருந்த நிலையில், இதே அனுபவத்தைப் பெற்றார். சார்ள்ஸ் படுத்திருந்தது பித்தளை வேலை செய்யும் ஓர் எளிய தொழிலாளியின் வீட்டில்.

அன்றிரவு வெஸ்லி அறிந்துகொண்டது யாது? தம்மிடம் திறமை உண்டு என்பதன்று. தகுதியை நிரூபித்த பின்னரே கடவுள் ஏற்பார் என்பது தவறு; ஏற்பு முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது, அதனைப் பெற்றுக்கொள்வதே விசுவாசம் என்பதே. தமிழ்க் கிறிஸ்தவர் இதனைக் கிருபை என்பர்.

தஞ்சம் கோரிய எமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ்த் தஞ்சம் பெற விழைபவர், தம் அச்சத்திற்குத் தக்க காரணம் உண்டென நிறுவ வேண்டும். திகதிகள் பொருந்த வேண்டும். தழும்புகளுக்கும் சான்று வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தம்மை நிரூபித்து நிரூபித்தே பழகிய மனம், கடவுளின் முன்னும் கோப்போடு நிற்க முனைகின்றது. கிருபை என்பது சான்று கேளாத தஞ்சம். அங்கே கோப்பை மூடிவைக்கலாம்.

தைத்த முள்

எனினும், அந்த ஓர் இரவோடு வெஸ்லியின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. இதனை மறைத்துச் சொல்வோர் அவருக்கும் நன்மை செய்வதில்லை, கேட்போருக்கும் நன்மை செய்வதில்லை. 1739 சனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவர் அல்லர் என்று எழுதினார். 1766 யூனில், அறுபத்து மூன்று வயதில், தாம் கடவுளை நேசித்ததே இல்லை என்று சார்ள்சுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் வரைந்தார். ஆயினும் நிற்க இயலாதவாறு ஏதோ ஒன்று தம்மை முன்னே கொண்டு செல்கின்றது என்பதையும் அதே கடிதத்திற் குறிப்பிட்டார்.

திருமறையிலும் இதுவே காணப்படுகின்றது. மோசே தாம் திக்குவாயர் என்றார். எரேமியா தாம் சிறுபிள்ளை என்றார். தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு பவுல் மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்னும் விடையே கிடைத்தது. குறை நீங்குவதன்று, குறையோடு நிற்பவன் கைவிடப்படாதிருப்பதே இந்த ஆறுதல்.

எதிர்ப்புறத்து இடுகாட்டிலுள்ள பனியனின் கதையும் இதற்குச் சாட்சி. பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளியாகிய அவர், தாம் மன்னிக்கப்பட முடியாதவர் என்னும் எண்ணத்தால் நெடுங்காலம் வதைபட்டதை 1666 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் விரிவாகக் கூறுகின்றார். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போட் சிறையிலிருந்தபோது, நாடாக்களுக்கு முனை பூட்டிக் குடும்பத்தைக் காத்தார். 1678 இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாண’த்தில், சந்தேகக் கோட்டையிற் சிறைப்பட்ட யாத்திரிகன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பிந்தி நினைவுகூர்ந்து தப்புகின்றான். இக்கதையைத் தழுவியே திருநெல்வேலியைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைத் தமிழுக்கு அளித்தார்.

சைவ மரபில் வளர்ந்த வாசகருக்கும் இக்குரல் அந்நியமன்று. தம்மை நாயினும் கீழாகத் தாழ்த்திக்கொண்டு, தகுதி நோக்காது ஆட்கொண்ட அருளை எண்ணி உருகியவர் மாணிக்கவாசகர். அவருடைய திருவாசகத்தை 1900 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜீ. யூ. போப், ஒரு கிறிஸ்தவப் போதகர். சமய வேறுபாடுகள் மெய்யானவையே. ஆயினும் போதாமையை ஒப்புக்கொள்ளும் நா, இரு மரபுகளிலும் இழிவாகக் கருதப்படவில்லை.

ஆறுதல் செயலாதல்

இத்தகைய ஆறுதல் மனிதனைச் சோம்பலில் ஆழ்த்தாதா என்று கேட்கலாம். தன் தகுதியை நிறுவுவதிற் செலவான ஆற்றல் விடுபட்டதும் அது பிறரை நோக்கிப் பாய்வதையே வெஸ்லியிடம் காண்கின்றோம். 1739 இல் பிறிஸ்டல் பகுதிச் சுரங்கத் தொழிலாளரிடையே வெளியில் நின்று பிரசங்கித்தார். 1746 இல் இலண்டன் ஏழைகளுக்கு மருந்து வழங்கும் நிலையமும் சிறுகடன் நிதியமும் தொடக்கினார். 1785 இல் இலண்டன் மெதடிஸ்தர் அந்நியர் நேயச் சங்கம் ஒன்றை அமைத்தபோது அதனை ஆதரித்தார். அதன் உதவி தம் சபையாருக்கன்று. நோயுற்று, வறுமையுற்று, நண்பரற்று இந்நகரிற் கிடந்த அந்நியருக்கே உரியதாக இருந்தது. புயலில் ஏதிலிகளிடம் பெற்றதை அவர் அந்நியருக்குத் திருப்பிக் கொடுத்தார் எனலாம்.

ஒன்றை இங்கு வற்புறுத்துதல் தகும். உறக்கமும் உணவும் கெட்டு, உயிர்மீது வெறுப்பு எழுமளவுக்கு மனச்சோர்வு முற்றினால், மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று. மருந்து நிலையம் திறந்த வெஸ்லி அதனை மறுத்திருக்கமாட்டார்.

சபைகளும் சங்கங்களும் தம்மை வினவ வேண்டிய வினாவும் ஒன்றுண்டு. எமது கூட்டங்களுக்கு வருபவனிடம் என்ன வேலை, எந்த ஊர், விசா கிடைத்ததா என்று தொடுக்கும் கேள்விகளால், இன்னொரு குடிவரவு மேசையை நாமே நாட்டுகின்றோமா? கிருபையைப் பிரசங்கிக்கும் இடத்திலேனும் ஒருவன் எதையும் நிரூபிக்காது அமர இடம் இருத்தல் வேண்டும்.

1791 மார்ச் 2 ஆந் திகதி, சிற்றி வீதி ஆலயத்தை அடுத்துள்ள தம் இல்லத்தில், எண்பத்தேழாம் வயதில் வெஸ்லி காலமானார். எல்லாவற்றிலும் மேலானது கடவுள் எம்மோடிருப்பதே என்பது அவர் இறுதியாகக் கூறியவற்றுள் ஒன்று எனப் படுக்கையருகே நின்றோர் பதிவுசெய்துள்ளனர். தாம் சாதித்தவற்றை அவர் அங்கே எண்ணவில்லை. வாழ்நாள் முழுவதும் கணக்கு வைத்த மனிதர், கணக்கை மூடிவிட்டே கண்களை மூடினார்.