பூட்டிய அறைக்குள் நான் கண்டவை

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது கூடத்தில் விளக்கணைந்திருக்கும். இளைய மகனின் அறைக் கதவுக்கு அடியில் மட்டும் நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, படிப்புக்காக வாங்கிக் கொடுத்த கணினி. ஆனால் அந்த வெளிச்சம் படிப்பின் வெளிச்சம் அன்று என்பது எனக்கும் தெரியும், அவன் உம்மாவுக்கும் தெரியும்.

ஓரிரவு பொறுமையிழந்தேன். கதவைத் தட்டித் திறக்கச் செய்து, "இந்தச் சூதாட்டத்தை இன்றோடு நிறுத்து" என்று சத்தம் போட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. சற்று நேரம் தலைகுனிந்து நின்றவன், "வாப்பா, இது சூதாட்டம் இல்லை. ஒரே ஒரு தடவை நீங்களும் உட்கார்ந்து விளையாடிப் பாருங்க. அப்புறம் நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்" என்றான்.

பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேனோ என்ற உறுத்தலோடு அன்றிரவு படுத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸருக்குப் பின் அவனருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். அன்று தொடங்கி ஐந்து வாரங்கள், வாரம் ஒரு மாலை, அவன் காட்டிய விளையாட்டுகளை நானே விளையாடிப் பார்த்தேன். அந்த அனுபவத்தையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிறு கைகளின் ஆக்கங்கள்

வீடியோ விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் இரத்தமும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகையவை ஏராளம் உண்டு. நூற்றுக்கணக்கான பணியாளர்களை வைத்துப் பெரிய நிறுவனங்கள் தயாரிக்கும் விளையாட்டுகள் ஒரு வகை. தனியொருவரோ நான்கைந்து பேரோ சேர்ந்து, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தம் மனத்தில் பட்டதைச் செய்து வெளியிடும் விளையாட்டுகள் இன்னொரு வகை. இவற்றை 'இண்டி' விளையாட்டுகள் என்கிறார்கள். சிற்றிதழ் நடத்துபவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவாக இருக்கும். சொல்ல வேண்டியது மட்டும் நெஞ்சு நிறைய இருக்கும்.

எல்லைச் சாவடி

மகன் முதலில் திறந்து காட்டியது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற விளையாட்டு. லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கி 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. கற்பனையான ஒரு நாடு, ஆண்டு 1982. எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஊழியனாக நாம் அமர்கிறோம். வரிசையில் ஒவ்வொருவராக வருகிறார்கள். பெயர், தேதி, முத்திரை, புகைப்படம் எல்லாம் பொருந்தினால் பச்சை முத்திரை. பொருந்தாவிட்டால் சிவப்பு முத்திரை. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தோமோ அத்தனைக்கு அன்றைய கூலி. அந்தக் கூலியில்தான் மனைவி, மகன், மாமியார், மாமா ஆகியோருக்கு உணவும் வாடகையும் குளிருக்கு வெப்பமும் தேடியாக வேண்டும்.

ஆரம்பாக்கத்துக்காரனான எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் வட எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கடைசி ஊர்களில் ஒன்று எங்களுடையது. சிறிது தூரம் போனால் ஆந்திரத்தின் தடா. இப்பக்கம் கும்மிடிப்பூண்டியின் ஆலைகள், கிழக்கே பழவேற்காடு ஏரி. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு, சேவை வரி வரும் வரையில் இந்த எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தொண்ணூறுகளில் ஒரு தேநீர்க் கடை வாசலில் மேசை போட்டு, ஓட்டுநர்களுக்குப் படிவங்கள் எழுதிக் கொடுத்துத்தான் நான் வயிறு வளர்த்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசத் தெரிந்ததே என் முதலீடு.

விளையாட்டில் ஒரு கணவன் வருகிறான். அவன் ஆவணங்கள் சரியாக இருக்கின்றன. தனக்குப் பின்னால் மனைவி வருகிறாள், அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போகிறான். அடுத்து நிற்பவள் அவள்தான். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் எனக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் தொடர்ந்தால் கூலி பிடிக்கப்படும். என் விரல் வெகுநேரம் அசையவில்லை.

அப்போது எனக்கு நினைவு வந்தது அந்த விளையாட்டு அன்று. விஜயவாடாவிலிருந்து வந்த ஓர் ஓட்டுநரின் முகம் வந்தது. அவனுடைய சரக்குச் சீட்டில் ஒரு முத்திரை குறைந்தது. மகளுக்கு உடம்பு சரியில்லை, சரக்கை இறக்கிவிட்டு விடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டும், எப்படியாவது எழுதிக் கொடு என்று மன்றாடினான். பொய்யாக எழுத முடியாது என்று மறுத்தேன். அதில் தவறில்லை. ஆனால் முத்திரையில்லாமல் எவரைப் பார்க்கலாம், எங்கே முறையிடலாம் என்று எனக்குத் தெரிந்த வழியையாவது சொல்லியிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். தலைக்கு ஐந்து ரூபாய். "தள்ளி நில்" என்றேன். இரவு முழுதும் அவன் லாரியின் படியில் அமர்ந்திருந்ததைப் பார்த்தேன். விடிந்தபோது லாரி அங்கே இல்லை.

முப்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத இதை அன்று மகனிடம் சொன்னேன். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்குள் அப்படியொரு பேச்சு நடந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

காப்பாற்ற முடியாத சிறுமி

இரண்டாவது வாரம் கைப்பேசியிலேயே விளையாடும் சிறு விளையாட்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெயர் 'லைலா அண்ட் த ஷேடோஸ் ஆஃப் வார்'. பலஸ்தீனத்தைச் சேர்ந்த ரஷீத் அபுஈதா 2016-இல் வெளியிட்டது. 2014-இல் காஸா மீது நடந்த போரின்போது, தன் மகளைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு தகப்பனாக நாம் ஓடுகிறோம். கறுப்பும் சாம்பலுமான காட்சிகள். இப்படிப் போவதா, அப்படிப் போவதா என்று விளையாட்டு அவ்வப்போது நம்மைக் கேட்கிறது. நான் எடுத்த எந்த முடிவும் அந்தச் சிறுமிக்கு உதவவில்லை.

இதை விளையாட்டுப் பிரிவில் சேர்க்க ஆப்பிள் நிறுவனம் முதலில் மறுத்தது. செய்திப் பிரிவுக்கு மாற்றச் சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகே தன் முடிவை மாற்றிக்கொண்டது. செய்தித்தாளில் எண்களாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் துயரம், விரல் நுனியில் வந்து நின்றால் எவ்வளவு கனக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். மஃரிப் பாங்கு கேட்டது. இருவரும் ஒன்றாகவே பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம்.

மூன்றாவதும் அகதிகளின் கதைதான். 'பரி மி, மை லவ்' என்ற இது 2017-இல் பிரான்சிலிருந்து வந்தது. சிரியாவின் ஹிம்ஸ் நகரிலிருந்து நூர் என்ற பெண் ஐரோப்பா நோக்கிப் புறப்படுகிறாள். கணவன் மஜ்த் ஊரிலேயே இருக்கிறான். இருவரும் கைப்பேசியில் அனுப்பிக்கொள்ளும் செய்திகளே விளையாட்டு. கணவனின் இடத்தில் இருந்து நாம் பதில் எழுத வேண்டும். நாம் தரும் ஆலோசனைகளுக்கு ஏற்ப அவள் பயணம் மாறுகிறது. பத்தொன்பது விதமான முடிவுகள் இதற்கு உண்டு.

சில சமயம் நூரிடமிருந்து பதில் வராது. அந்தக் காத்திருப்பு என்னைச் சவூதியில் என் காக்கா வேலை பார்த்த காலத்துக்குக் கொண்டுபோயிற்று. கடிதம் வர இரண்டு வாரம் தாமதமானால் எங்கள் உம்மா சோறு இறங்காமல் இருப்பார்கள். அந்தக் கதையையும் மகன் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான்.

சமையலறையில் வெண்பா

நான்காவது மாலை என் மனைவியும் வந்து அமர்ந்தாள். காரணம், திரையில் இட்லி தெரிந்தது!

'வெண்பா' என்ற அந்த விளையாட்டு 2023 ஜூலையில் வெளிவந்தது. கனடாவின் டொரன்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவின் ஆக்கம். 1988-இல் கனடாவில் கால் ஊன்ற முயலும் தமிழ்த் தம்பதியர் வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் பல இடங்களில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அழிந்த இடத்தை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும், புட்டுக் குழாயில் எதை முதலில் இடுவது என்பவையே புதிர்கள்.

நானும் மகனும் தட்டுகளைத் தவறாக அடுக்கிவிட்டு விழித்தபோது, மனைவி சிரித்துக்கொண்டே திருத்தினாள். "இதுக்குப் போய் ரெண்டு ஆம்பிளைங்க மண்டையை உடைக்கிறீங்களே!" என்றாள். பிரியாணிக் கட்டம் வந்ததும் சுட்டியை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தம் போடுவதைப் பற்றி அவளுக்கு அந்த விளையாட்டோடு சில கருத்து வேறுபாடுகள் இருந்தன.

சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. கவின் வளர்கிறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் தன் வீட்டு உணவும் மொழியும் அவனுக்கு வெட்கமாகின்றன. தாய் ஒரு நாள் விருந்தே சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. காலம் கடந்து, பாட்டியின் குறிப்பேட்டை அவனே கையில் எடுக்கும்போது தமிழ் எழுத்துகள் அவனைத் திணற வைக்கின்றன.

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எங்கள் மூத்த மகள் வசிப்பதும் அதே டொரன்டோவில்தான். ஏழு வயதுப் பேரன் திரையில் எங்களைப் பார்த்துக் கையசைப்பான். நன்னி ஆசையாக எதையாவது கேட்டால் தாயின் முகத்தைப் பார்ப்பான். மகள் மொழிபெயர்த்த பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்வான். இது குறை என்று நாங்கள் எவரிடமும் சொன்னதில்லை. நல்ல வேலை, நல்ல வீடு, அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொல்வோம்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறிய ஆக்கம், 2024-இல் பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பு வழங்கும் சிறந்த முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. அதே ஆண்டு தனித்த ஆக்கக்காரர்களுக்கான விழாவின் தலையாய பரிசும் அதற்கே கிடைத்தது. அந்தப் பரிசை 2014-இல் பெற்றது முன்னர்ச் சொன்ன எல்லைச் சாவடி விளையாட்டு.

பெற்றோர் கவனத்திற்கு

இதனால் எல்லா விளையாட்டுகளும் நல்லவை என்று நான் வாதிட வரவில்லை. ஐந்தாவது வாரம், கல்லூரி நண்பர்கள் ஆடுவதாக மகன் காட்டிய வேறு சிலவற்றையும் பார்த்தேன். கொல்வதைத் தவிர வேறொன்றும் அறியாதவை பல. பணம் கட்டி ஆடுபவையோ குடும்பத்தையே அழிப்பவை. அவற்றுக்கெனத் தமிழ்நாட்டில் 2023-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. சட்டம் வாசல் வரைதான் வரும். வீட்டுக்குள் நாம்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்லவற்றிலும் எச்சரிக்கை தேவை. எல்லைச் சாவடி விளையாட்டில் உடற்சோதனைப் படங்கள் வரும். அவற்றில் ஆடையின்மையை மறைக்க அமைப்புப் பகுதியில் வசதி உண்டு. முதலிலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். மேலும், எவ்வளவு நல்ல விளையாட்டாயினும் தொழுகையையும் உறக்கத்தையும் தின்னுமானால் அது நல்லதன்று. நேரமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணினி கூடத்துக்கு வந்துவிட்டது. படிப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம். புதிதாக எதையேனும் விளையாட விரும்பினால் முதல் நாள் என்னோடு அமர்ந்து விளையாட வேண்டும். இந்த நிபந்தனைக்கு மகன் முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். "நீங்க தூங்கிடாம இருந்தா சரி, வாப்பா" என்றான்.

சென்ற வாரம் 'வெண்பா'வை மகளுக்கு வாங்கி அனுப்பினோம். பேரனோடு சேர்ந்து விளையாடினாளாம். ஞாயிறன்று திரையில் வந்த சிறுவன், தாயின் முகத்தைப் பார்க்காமல் நன்னியிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டான்: "புட்டு?"

என் மனைவி அரிசி மாவு டப்பாவை எடுத்துவந்து திரைக்கு முன்னால் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இறுதிவரை அவன் எழுந்து போகவில்லை.