சுறாவும் ஓங்கிலும்

சுறாவையும் டொல்பின் எனப்படும் ஓங்கிலையும் கடலிற் காண்போர் அவற்றை ஓரினமென்றே கருதக்கூடும். இரண்டுக்கும் முனை கூர்ந்த உடல், முதுகிலே செட்டை. ஆயினும் சுறா செவுளால் மூச்சுவிடும் மீன். ஓங்கிலோ நுரையீரலால் மூச்செடுத்து, குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. நாற்கால் விலங்குகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே.

இவ்வொப்புமை எவ்வாறு வந்தது? நீர், காற்றினும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனுள் விரைந்து இரைதேடும் உயிருக்கு, தடையைக் குறைக்கும் உடலே துணை. அத்தகைய உடல் வாய்த்தவை தலைமுறைதோறும் மிகுதியாகப் பிழைத்துப் பெருகின. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன இக்தியோசோர் என்னும் ஊர்வனவும் இவ்வடிவையே பெற்றிருந்தது.

எனினும் வால் மரபை உணர்த்துகின்றது. சுறாவின் வால் பக்கவாட்டில் அசையும். ஓங்கிலின் வாலோ, தரையில் ஓடிய மூதாதையரின் முதுகெலும்பு வளைந்தவாறே, மேலுங் கீழும் அசையும். ஆதலின் நேயர்களே, உருவொப்புமை ஒன்றையே கொண்டு உறவு துணிதல் பொருந்தாது.