மலைப்பாதைச் சுவரில் ஓட்டை எதற்கு?

தீபாவளி லீவு வந்தாலே போதும், "அம்மா, ஊட்டிக்குப் போகலாம்மா" என்று குழந்தைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது பாருங்கள். மலையை ஒட்டிக் கட்டிய கருங்கல் சுவர்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். "கட்டினவங்க பூச மறந்துட்டாங்களோ?" என்று நினைத்து விடாதீர்கள். சுவரை நிற்க வைப்பதே அந்த ஓட்டைகள்தான்!

ஒரு தாம்பாளத்தில் கோலமாவைக் குவித்து வையுங்கள். அழகாக நிற்கும். அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றுங்கள். கனத்துக் குழைந்து, வழுக்கிக்கொண்டு பரவிவிடும். மலைச் சரிவும் இப்படித்தான். ரோடு போடுவதற்காக மலையின் அடிப்பக்கத்தை வெட்டியிருக்கிறோம். மேலே பெய்கிற மழை மண்ணுக்குள் ஊறி, எடையைக் கூட்டி, சுவரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துவிட்டால் சுவர் தப்பிக்கும். அடைத்துக்கொண்டால் ஆபத்துதான்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. 2009 நவம்பரில் அப்படிக் கொட்டியபோது நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ரோடுகளோடு மலை ரயில் பாதையும் துண்டானது.

சரிவைத் தடுக்க என்னென்ன செய்கிறார்கள்? கல் உருளும் பாறைமுகத்தில் இரும்பு வலையைப் போர்த்துகிறார்கள். கம்பி வலைப் பெட்டிகளில் கல்லை நிரப்பி, படிப்படியாக அடுக்கிச் சுவராக்குகிறார்கள். இந்தச் சுவரில் இடுக்கெல்லாம் வடிகால்தான். சில இடங்களில் சரிவைத் துளைத்து, நீண்ட இரும்புக் கம்பிகளைச் செருகி, சிமென்ட் கலவையால் இறுக்கி, மேலே புல் வளர்க்கிறார்கள். பானைத் தண்ணீரில் நாம் போடுகிற வெட்டிவேர் இருக்கிறதே, அதுவும் நல்ல காவல்காரன். பக்கவாட்டில் படராமல் நேர் கீழே 10 அடி வரைகூட இறங்கி மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனை செய்தும், ரோட்டோரக் கால்வாயில் நாம் வீசுகிற ஒரு பிஸ்கட் கவர், ஒரு டயப்பர் போதும், தண்ணீர் வழி மாறிச் சரிவுக்குள் இறங்க. ஆகவே குப்பைக்கென்று ஒரு பை கையோடு இருக்கட்டும்.

மழைக்காலத்தில் கிளம்புமுன் இதையும் கவனியுங்கள்:

* கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். "ரூமுக்குப் பணம் கட்டியாச்சே" என்று பார்க்காதீர்கள். ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம்.
* வெட்டிய சரிவுக்கு அடியில் வண்டியை நிறுத்தி டிபன் சாப்பிடுவது, போட்டோ எடுப்பது கூடாது.
* சின்னக் கற்கள் உருண்டால், மரம் புதிதாகச் சாய்ந்திருந்தால், தெளிவாக வழிந்த ஊற்று திடீரென்று கலங்கினால், ரோட்டில் புது வெடிப்பு தெரிந்தால், உடனே அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.
* பாதை மறித்துக் கிடந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மண்குவியலைத் தாண்டப் பார்க்காதீர்கள். சரிந்த இடமே மறுபடியும் சரியலாம்.
* பிளாஸ்கில் வெந்நீர், பால் பவுடர், மருந்து, போர்வை எல்லாம் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.
* மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது. மழை விட்டதும் நிம்மதியாகப் போய் வரலாமே!