மரத்திலிருந்து நாதம்

பலா மரம் பழத்துக்காகப் பெயர்பெற்றது. தஞ்சாவூரிலோ அது வீணைக்காகவும் பெயர்பெற்றது. அந்நகரில் வீணை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவர்களில் பலருக்கு வீடும் பட்டறையும் வேறுவேறல்ல. திண்ணையிலோ முன்கூடத்திலோ உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் கிடக்கும். சுவரோரம் பாதி குடைந்த மரக்குடங்கள் காயும். பெரிய இயந்திரங்கள் அங்கே இல்லை. கண்ணளவும் கையளவும் செவியுமே முதன்மைக் கருவிகள்.

உலகின் வேறு மூலைகளிலும் இத்தகைய வீட்டுப் பட்டறைகள் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிட்டாரைக் கையால் செய்வோர் பலர் தம் வீட்டின் ஓர் அறையிலேயே அதனைச் செய்கின்றனர். வீணையும் கிட்டாரும் தோற்றத்தில் வேறுபட்டவை. எனினும் அவற்றைச் செய்வோர் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: மெல்லிய ஒரு கம்பியின் அசைவைக் கூடம் முழுவதும் கேட்கச் செய்வது எவ்வாறு?

இரண்டு ஆணிகளுக்கு இடையே ஒரு கம்பியை இழுத்துக் கட்டிச் சுண்டினால் மிகச் சிறிய ஒலியே எழும். கம்பி மெலிந்தது, அது காற்றை வெட்டிச் செல்லுமேயன்றித் தள்ளாது. அதே கம்பியை ஒரு மெல்லிய பலகையின்மேல் நிற்கும் குதிரை வழியாகச் செலுத்தினால் நிலைமை மாறும். கம்பியின் அதிர்வைக் குதிரை பலகைக்குக் கடத்தும். அகன்ற பலகை தன் முன்னும் பின்னும் உள்ள காற்றை அசைக்கும். பலகைக்குக் கீழே உள்ள கூட்டில் அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிரும். நரம்புக் கருவிகள் யாவற்றின் அடிப்படையும் இதுவே. ஆதலால் அந்தப் பலகை எவ்வளவு மெலிந்திருக்க வேண்டும் என்பதே கருவி செய்வோரின் தீராத கவலை. தடித்தால் ஒலி அடங்கிப்போகும். மிக மெலிந்தால் கம்பிகளின் இழுப்பைத் தாங்காமல் வளைந்துவிடும். எஃகுக் கம்பிகள் பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரானது. அதனைத் தாங்கும் மேற்பலகையின் தடிப்போ மூன்று மில்லிமீட்டர் அளவுதான்.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கக் கிட்டார் வினைஞர் பலகையின் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுகின்றனர். எடையைக் கூட்டாமல் உறுதியைக் கூட்டும் வழி இது. மேற்பலகைக்கு ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பர். அவை எடை குறைந்தவை, நார்வாக்கில் விறைப்பு மிகுந்தவை. பலகையைச் சீவும்போது வினைஞர் அவ்வப்போது அதனை இரு விரல்களால் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பர். மட்டமாக ஒலித்த பலகை, சீவச் சீவ மணிபோல் ஒலிக்கத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது. சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது என்பதால் இந்த வேலையில் அவசரக்காரருக்கு இடமில்லை.

மேற்பலகையின் சிறப்பைக் கண்கூடாகக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் அல்மெரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). இன்றைய செவ்வியல் கிட்டாருக்கு வடிவம் தந்தவர் என அவரைப் போற்றுவர். 1862-ஆம் ஆண்டில் அவர் விந்தையான ஒரு கிட்டாரைச் செய்தார். அதன் மேற்பலகை மட்டுமே நல்ல மரம். பக்கங்களும் அடிப்பகுதியும் காகிதக்கூழால் ஆனவை. கருவியின் உயிர் மேற்பலகையிலேயே உள்ளது என்பதை மெய்ப்பிக்கவே அவர் இவ்வாறு செய்தார். அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிட்டாரின் இடுப்பு வளைவு பார்ப்பவரை வியக்கவைக்கும். விறைத்த மரம் எப்படி வளைந்தது? இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்த மரப்பட்டையை நனைத்து, உள்ளே சூடேற்றிய உலோகக் குழாயின்மேல் வைத்து மெல்ல அழுத்துவர். மர நார்களைப் பிணைக்கும் பொருள் வெப்பத்தில் இளகும்; பட்டை வளையும்; ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிலைக்கும். கை சிறிது முந்தினால் பட்டை முறியும். பிந்தினால் கருகும்.

தஞ்சாவூர் வீணையில் வளைக்கும் வேலை இல்லை. குடையும் வேலையே உண்டு. முற்றிய பலா மரத்தின் அடித்துண்டிலிருந்து குடம் உருவாகிறது. வெளிப்புறத்தை உருட்டிச் செதுக்கிய பின், உட்புறத்தை உளியால் சிறிது சிறிதாகக் குடைவர். குடத்தின்மேல் மெல்லிய பலகையைப் பொருத்துவர்; அதில் வட்டமாக அமைந்த சிறு ஒலித்துளைகள் இருக்கும். குடத்தோடு இணைவது தண்டி. தண்டியின் முடிவில் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம். யாளியை ஒட்டித் தண்டிக்கு அடியில் சுரைக்காய் எனப்படும் சிறிய கூடு தொங்கும். முற்காலத்தில் அது உண்மையான சுரைக்குடுக்கையாக இருந்தது. இன்று வேறு பொருள்களால் செய்தாலும் பெயர் மாறவில்லை. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. மூன்றையும் ஒரே மரத்தில் செதுக்கினால் அது ஏகாந்த வீணை. ஏகாந்த வீணைக்கு நீண்ட, பழுதற்ற ஒரே மரம் வேண்டும். அத்தகைய மரம் கிடைப்பது அரிது. ஆதலால் அவ்வீணையும் அரிது.

பலா மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. அது நன்கு ஒலிக்கும், கரையான் எளிதில் தாக்காது, உளிக்கு இணங்கும். மிருதங்கத்தின் உடலும் தவிலின் உடலும் பலா மரமே. ஆனால் பச்சை மரம் எதற்கும் உதவாது. ஈரம் வற்றாத மரத்தில் செய்த கருவி பின்னர் வெடிக்கும், கோணும். மரத்தை நிழலில் வைத்துப் பொறுமையாக உலர்த்துவதும் கருவி செய்வதன் ஒரு பகுதியே. அதுவே மிக நீண்ட பகுதியும் ஆகும்.

முன்னாளில் வீணையின் விளிம்புகளிலும் ஒலித்துளை வட்டங்களிலும் யானைத் தந்தத்தைப் பதித்தனர். மான் கொம்பையும் பயன்படுத்தினர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் அவ்வழக்கம் நின்றது. இன்று பிளாஸ்டிக் தகடுகளில் பூவும் கொடியும் மயிலும் வெட்டிப் பதிக்கின்றனர். பழைய வெண்மையின் அழகு போயிற்று என்று வருந்துவோர் உளர். ஒலிக்கு அதனால் எக்குறையும் இல்லை. யானைக்கு நன்மை உண்டு.

வீணையில் ஏழு கம்பிகள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின்மேல் செல்வன. எஞ்சிய மூன்றும் தாளத்துக்குப் பக்கவாட்டில் மீட்டப்படுவன. கம்பிகளை முறுக்கும் முளைகளுக்குப் பிருடை என்று பெயர். தண்டியின்மேல் உள்ள மெட்டுகள் 24. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வீணை இந்த 24 நிலை மெட்டுகளைப் பெற்றது என்பது மரபு. அதனால் இதனை இரகுநாத வீணை என்றும் வழங்குவர்.

மெட்டுகளை அமைக்கும் முறையில்தான் கிட்டாரும் வீணையும் வெவ்வேறு வழியில் செல்கின்றன. கிட்டார் வினைஞர் கணக்கை நம்புகின்றனர். ஓர் எண்மத்தில் பன்னிரண்டு சம படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் எஞ்சிய கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுக்க வேண்டும். கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் எனில் முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டர் தொலைவில் அமையும். எஞ்சிய 613.5-ஐ வகுத்தால் அடுத்த இடைவெளி 34.4. இவ்வாறே குறுகிச் சென்று பன்னிரண்டாம் மெட்டு 325-இல், சரிபாதியில், வந்து நிற்கும். கம்பி பாதியானால் ஒலி ஓர் எண்மம் உயரும். பழைய வினைஞர்கள் 17.817-க்கு மாறாக 18 என்னும் முழு எண்ணையே பயன்படுத்தினர். அறிவியலாளர் கலிலியோவின் தந்தையும் இசையறிஞருமான வின்சென்சோ கலிலி 1581-ஆம் ஆண்டு நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். அந்த எண்ணால் பன்னிரண்டாம் மெட்டு பாதிப்புள்ளிக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்று மிகுதியாக முன்னரே நின்றுவிடும். சுருதி சிறிது தாழும். ஆயினும் கம்பியை விரலால் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி சற்றே ஏறும். ஒரு பிழை மற்றொரு பிழையை ஓரளவு ஈடுசெய்தது. கணக்கு முடிந்ததும் மரத்தில் கீறல் அறுத்து, உலோக மெட்டுகளை அடித்து இறக்குவர். அதன்பின் அவை அசையா.

வீணையில் மெட்டுகள் மரத்தில் இறங்குவதில்லை, மெழுகில் அமர்கின்றன. தண்டியின்மேல் இருபுறமும் நீளவாக்கில் இரு மெழுகுச் சுவர்கள் எழுப்புவர். தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் சேர்ந்த கருநிறக் கலவை அது. மெழுகை இளக்கி, அதன்மேல் உலோக மெட்டை வைத்து, கம்பியை மீட்டிக் கேட்டுக்கொண்டே மெட்டை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவர். சுரம் சரியாகச் சேர்ந்தவுடன் அழுத்தி நிறுத்துவர். இவ்வாறு 24 மெட்டுகளுக்கும் செய்ய வேண்டும். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அழகாகச் செதுக்கத் தெரிந்தவர்க்கெல்லாம் மேளம் கட்ட வராது. அதற்கு வேண்டியது தேர்ந்த செவி. வீணையை வீணையாக்குவது இந்த ஒரு வேலைதான் என்று சொன்னாலும் மிகையாகாது.

மெழுகில் அமைத்ததால் ஒரு வசதியும் உண்டு. ஒரு தொல்லையும் உண்டு. மெட்டு இடம் பெயர்ந்தால் மீண்டும் சரிசெய்யலாம்; கிட்டாரில் அது எளிதன்று. ஆனால் வெயிலில் மெழுகு இளகும். நாளடைவில் மெட்டுகள் தேயும், நகரும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் கட்டியே ஆகவேண்டும். கடல் சூழ்ந்த ஊரில் வாழும் வீணைக்கு ஈரக்காற்றும் எதிரி. கம்பி துருப்பிடிக்கும், மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும்.

கருவிகளின் கதை காடுகளின் கதையோடு பின்னியது. கிட்டாரின் பக்கங்களுக்கும் அடிப்பகுதிக்கும் ஒரு காலத்தில் பிரேசில் நாட்டு ஈட்டி மரமே உயர்ந்தது எனக் கருதப்பட்டது. அம்மரம் அருகியபோது, அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. தோதகத்தி என்றும் வழங்கும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளர்வது. அமெரிக்கப் பாடகர் ஒருவரின் கிட்டார் தென்னிந்திய மலையில் வளர்ந்த மரமாக இருக்கலாம் என்பது பலர் அறியாத செய்தி.

குட்வில் எஸ்டேட் போன்ற அந்தமான் ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு மற்றொரு மரம் அறிமுகமானது. அது படாக். அந்தமானுக்கே உரியதும் இத்தீவுகளின் மாநில மரமும் அதுவே. சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலை இம்மரத்தை ஏராளமாக அறுத்தது. செம்பொன் நிறம் கொண்ட இதன் பலகையில் மேசையும் கட்டிலும் செய்வர். தமிழகத்தின் வேங்கையும் செம்மரமும் படாக்கின் நெருங்கிய உறவுகள். தாவரவியலில் இவை மூன்றும் ஒரே பேரினம். செம்மரத்தை ஜப்பானியர் தம் ஷாமிசென் என்னும் நரம்புக் கருவியின் தண்டுக்கு விரும்புவர். படாக் இன மரங்கள் கிட்டாரின் பக்கங்களுக்கும் பயன்படுகின்றன. ஆனால் அதனை இழைக்கும் வினைஞருக்கு ஒரு சங்கடம் உண்டு: படாக்கின் செந்தூள் பட்டால் வெண்ணிற மேற்பலகையில் கறை படியும்.

தமிழரின் முதற்பெரும் நரம்புக் கருவி யாழ். பொருநராற்றுப்படை முதலிய பழம்பாட்டுகள் யாழின் பத்தர், போர்வை, கோடு, நரம்பு எனும் உறுப்புகளை நுணுக்கமாக வருணிக்கின்றன. செய்தவர் அருகிலிருந்து பார்த்தாலன்றி அவ்வளவு நுட்பம் பாட்டில் வராது. எனினும் யாழ் வழக்கொழிந்தது, செய்யும் கை நின்றது, ஓசையும் நின்றது. விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். அண்மையில் சென்னையின் தருண் சேகர் என்னும் இளம் கருவிவினைஞர் யாழை மீண்டும் செய்து ஒலிக்க வைத்துள்ளார். நூல் எஞ்சியிருந்தும், பழைய யாழ் ஒன்றுகூடக் கைக்குக் கிடைக்காத நிலையில், ஒவ்வோர் உறுப்பையும் ஊகித்தே செய்ய வேண்டியிருந்தது.

வீணைக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. 2013-இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது.  பிற ஊரில் செய்த கருவியைத் தஞ்சாவூர் வீணை என்று விற்க இனிச் சட்டம் இடந்தராது. ஆயின் குறியீடு பெயரைக் காக்கும், கையைக் காக்காது. பல நாள் உழைப்பில் உருவாகும் ஒரு வீணைக்குக் கிடைக்கும் கூலி, நகரத்து வேலையோடு ஒப்பிட்டால் சிறியது. வினைஞரின் பிள்ளைகளில் பலர் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. செதுக்கும் வேலையைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். மேளம் கட்டும் செவி வாய்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். தந்தை மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தும்போது, பிள்ளை அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.