ஸ்க்ரூ டைட் ஆன கதை!

"உங்களுக்கு ஒரு ஸ்க்ரூ லூஸ்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள் என் மனைவி. கடைசியில் டாக்டரே இரண்டு ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணிவிட்டார். தலையில் இல்லை... கையில்!

பாத்ரூமில் வழுக்கி, வலது கையை ஊன்றினேன். 'மளுக்'! புறங்கை பூரி மாதிரி உப்பிவிட்டது. "எண்ணெய்க் கட்டு போட்டா சரியாயிடும்டா" என்றாள் அம்மா. எழுதிப் பிழைக்கிற கையாச்சே... எலும்பு டாக்டரிடம் ஓடினேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே கணக்குச் சொன்னார். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஆக, ஒரு கைக்கு 27 எலும்பு. டோட்டல் டேலியானதில் பி.காம். படித்த எனக்கு ஒரு அல்ப திருப்தி! அதில் மோதிர விரலுக்குக் கீழே இருக்கும் உள்ளங்கை எலும்புதான் முறுக்கிக்கொண்டு, சாய்வாக உடைந்திருந்தது.

"மெதுவா விரலை மடக்குங்க சார்."

மடக்கினேன். மோதிர விரல், டவுன் பஸ்ஸில் தூங்கி விழும் ஆசாமி மாதிரி சுண்டுவிரல் மேல் சாய்ந்தது.

"இதான் பிரச்னை. கையில வர்ற முறிவுகள்ல நிறைய, மாவுக்கட்டுலயே சரியாயிடும். ஆனா எலும்பு திரும்பினபடியே கூடிட்டா, ஆயுசுக்கும் விரல் மேல விரல்தான். பேனா பிடிக்கத் திண்டாடுவீங்க!"

கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, ஆபரேஷன். ஸ்க்ரூ 2 மில்லிமீட்டர் கனம்தான். சூட்சுமம் துளையில் இருக்கிறது. முதல் துண்டில் பெரிய துளை, அடுத்ததில் சின்னத் துளை. மரை அடுத்த துண்டை மட்டும்தான் கவ்வும். முறுக்க முறுக்க, இரண்டும் நெருங்கி இறுகிவிடும். ஒரே ஸ்க்ரூ என்றால் துண்டு அதைச் சுற்றித் திரும்பிவிடுமாம். அதனால்தான் இரண்டு.

வீட்டுக்கு வந்து, பயத்தில் விரலை அசைக்கவே இல்லை. அடுத்த விசிட்டில் செம டோஸ்!

"ஸ்க்ரூ போட்டதே சீக்கிரம் அசைக்கத்தான் சார்! சும்மா வெச்சிருந்தா தசைநாண் எலும்போட ஒட்டிக்கும். விரல் மரக்கட்டை மாதிரி ஆயிடும். ஸ்க்ரூ பிடிச்சுதான் வெச்சிருக்கும். கூட வேண்டியது எலும்பு. அதுவரைக்கும் வெயிட் தூக்காதீங்க, விரலை மட்டும் மடக்கி நீட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன், நீட்டினேன். ஏழாவது வாரம் செக்கில் கையெழுத்துப் போட்டபோது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நீங்களும் கையை ஊன்றி விழுந்தால், 'வெறும் சுளுக்கு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மடக்கும்போது விரல் மேல் விரல் ஏறினால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

"ஸ்க்ரூவை எப்ப டாக்டர் கழட்டணும்?" என்று கேட்டேன்.

"தொந்தரவு இல்லைன்னா அப்படியே விட்டுடலாம்."

பக்கத்திலிருந்து பதறினாள் என் மனைவி: "கழட்டவே கழட்டாதீங்க டாக்டர்... இப்பத்தான் டைட்டா இருக்கார்!"