ஸ்க்ரீன்ஷாட் சாட்சி சொல்லுமா?

வருமானமே இல்லை என்று ஜீவனாம்சம் தர மறுக்கிறார் ஒரு கணவர். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ புதுக் காரோடு நிற்கும் படம். மனைவி அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பிரின்ட் போட்டு வழக்கறிஞரிடம் கொடுக்கிறார். விவாகரத்து வழக்குக் கட்டுகளில் இத்தகைய தாள்கள் இன்று சகஜம். அந்தத் தாள் எதை நிரூபிக்கிறது?

அறிவியல்படி பார்த்தால், மிகக் கொஞ்சம்தான். ஸ்க்ரீன்ஷாட் என்பது திரையின் படம் மட்டுமே. கணினி பிரவுசரில் உள்ள வசதிகளைக் கொண்டே ஒரு பதிவின் எழுத்தையும் தேதியையும் திரையில் மாற்றிவிட்டுப் படமெடுக்க முடியும். அந்தப் படத்தைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிப்பது கடினம்.

அசல் கோப்பு வேறு ரகம். செல்போனில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த நேரம், கேமரா வகை, சில சமயம் இடம்கூடப் பதிவாகியிருக்கும். சமூக ஊடகங்களில் ஏற்றும்போது இந்தத் தகவல்கள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. பதிவின் தேதி படம் வெளியான நாளைத்தான் சொல்லும். எடுத்த நாளை அல்ல. கார் நண்பருடையதாக இருக்கலாம், படம் ஐந்து வருடம் பழையதாகவும் இருக்கலாம்.

நேரமும் ஏமாற்றும். சர்வர்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் குறித்துவைக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். சர்வரில் 10-ஆம் தேதி இரவு 8 மணி என்றால், இங்கே 11-ஆம் தேதி அதிகாலை 1.30.

ஹாஷ் எனும் முத்திரை

1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு உட்படாத ஆவணத்தையும் நீதிபதி ஏற்க இடம் தருகிறது. ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. எதிர்த்தரப்பு 'போலி' என்று சொன்னால் என்ன செய்வது?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்துடன் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியை ஆவணம் தருபவரும், மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு இடம்பெற வேண்டும்.

கோப்பு எவ்வளவு பெரிதானாலும் எஸ்எச்ஏ-256 என்ற கணித முறை அதை 64 எழுத்து, எண்களாகச் சுருக்கிவிடும். அதுதான் ஹாஷ் மதிப்பு. கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முற்றிலும் வேறு மதிப்பு வரும். சான்றிதழ்ப் படிவம் எம்டி5, எஸ்எச்ஏ-1 முறைகளையும் அனுமதிக்கிறது. ஆனால் ஒரே மதிப்பு தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று முன்னதில் 2004-லும், பின்னதில் 2017-லும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-256-ஐக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஹாஷ் ஓர் அரக்கு முத்திரை. உறை பிரிக்கப்படவில்லை என்று சொல்லும். உள்ளே இருப்பது உண்மையா என்று சொல்லாது. பதிவை எழுதியது கணவரா, அவர் போனை எடுத்த வேறொருவரா என்பதற்குத் தனிச் சாட்சியம் வேண்டும்.

எப்படிக் கிடைத்தது?

மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் பெற்ற வழக்கில், அது அந்தரங்க உரிமை மீறல் என்று சொல்லி 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. 2025 ஜூலையிலோ, ரகசியமாகப் பதிவுசெய்த தம்பதியர் உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இதைத் துணைவரின் கணக்குக்குள் நுழைவதற்கான அனுமதியாக யாரும் கொள்ளக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

எல்லாரும் பார்க்கும் பதிவு என்றால் அதன் இணைய முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் உள்ள அசலை அழிக்காதீர்கள். வழக்கறிஞரிடம் சென்ற முதல் நாளே ஹாஷ் எடுக்கச் சொல்லுங்கள். நிபுணர் உதவி பணமுள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. மாவட்டந்தோறும் குடும்பநல நீதிமன்றங்களுக்கு மின்னணு தடயவியல் நிபுணர்களை அரசு நியமிக்க வேண்டும். ஒரு பெண்ணின் ஜீவனாம்சமும் ஒரு குழந்தை யாரிடம் வளரும் என்பதும் சரிபார்க்கப்படாத படத்தால் முடிவாகக் கூடாது.