151-வது ரேங்க்கும் உத்தங்குடி தீயும்

மே 3, உலகப் பத்திரிகை சுதந்திர நாள் வந்தாலே ஒரே கேள்விதான் கேக்குறீங்க: "இந்தியாவுக்கு 151-வது ரேங்க்காமே, யாருண்ணே போடுறா?" 2025-ல 180 நாட்டுல 151. அதுக்கு முந்தின வருஷம் 159. எட்டு இடம் ஏறிட்டோம்னு வெடி வாங்கிறாதீங்க, இன்னும் கடைசி பெஞ்சுதான். இந்த ரேங்க் போடுறது பாரிஸ்ல இருக்கிற 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு, சுருக்கமா ஆர்.எஸ்.எஃப். நியூயார்க்ல இருக்கிற பத்திரிகையாளர் பாதுகாப்புக் கமிட்டி, அதாவது சி.பி.ஜே., வேற, அது 1981-லேர்ந்து இருக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், தாண்டிருவோம்.

எனக்கு ரேங்க்கை விட உத்தங்குடி முக்கியம். 2007 மே 9. கலைஞருக்கு அடுத்து யாருன்னு தினகரன்ல ஒரு சர்வே. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2. அழகிரி ஆதரவாளர்கள் மதுரை ரோட்டுல இறங்கி பேப்பரைக் கொளுத்தினாங்க. அப்புறம் மதுரை உத்தங்குடியில இருந்த தினகரன் ஆபீசுக்குள்ள பெட்ரோல் குண்டு. மூணு பேர் செத்தாங்க. அழகிரி இந்த வழக்குல குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, அதையும் சொல்லிடணும்.

செத்த மூணு பேரும் யாரு? ரெண்டு பேர் கம்ப்யூட்டர் பிரிவு, ஒருத்தர் செக்யூரிட்டி. அந்த சர்வேல ஒரு வரிகூட அவங்க எழுதலை. பத்திரிகை சுதந்திரம்னா பேனா பிடிச்சவனுக்குன்னு நினைக்கிறோம். குண்டு அப்படிப் பார்த்து விழுறதில்லை.

யாழ்ப்பாணத்துலயும் இதே கதை. 2006 மே 2, உதயன் பத்திரிகை ஆபீசுக்குள்ள புகுந்து சுட்டாங்க. செத்தது ரெண்டு பேர், ஒருத்தர் மார்க்கெட்டிங் மேனேஜர். மறுநாள் பத்திரிகை சுதந்திர நாள். யுனெஸ்கோ அந்த வருஷம் மாநாடு நடத்தின ஊர் எது தெரியுமா? கொழும்பு! இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

சரி, மதுரைக்கு வருவோம். 2009 டிசம்பர்ல கீழ்க்கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை பண்ணிருச்சு. சி.பி.ஐ. மேல்முறையீடு ஒரு பக்கம், இறந்த ஒருத்தரோட அம்மா போட்ட மனு இன்னொரு பக்கம். 2019 மார்ச்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. கிட்டத்தட்ட 12 வருஷம். மதுரையில பத்திரிகை சுதந்திரத்துக்குப் போராடினவங்க யாருன்னு கேட்டா நான் அந்த அம்மாவைத்தான் காட்டுவேன். அவங்க மகனும் செய்தி எழுதினவர் இல்லை.

நேரம் முடியப்போகுது, எந்த அமைப்பு என்ன பண்ணுது, சட்டம் யாரைக் காப்பாத்துதுன்னு வேகமா சொல்லிடறேன். ஆர்.எஸ்.எஃப். அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், பாதுகாப்புன்னு அஞ்சு விஷயம் பார்த்து மார்க் போடுது. சி.பி.ஜே. ஆபத்துல இருக்கிற பத்திரிகையாளருக்கு அவசர நிதி தருது. பத்திரிகை மேலயோ, பத்திரிகையை மிரட்டுறவங்க மேலயோ புகார்னா டெல்லியில பிரஸ் கவுன்சில். ஆனா அதுக்குத் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. மகாராஷ்டிரா சட்டசபையில 2017-லயே பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறுச்சு. நிருபர், போட்டோகிராபர், புரூஃப் ரீடர் வரைக்கும் பட்டியல்ல இருக்காங்க. நிர்வாக வேலை பார்க்கிறவங்க? சேர்க்கலை!

சி.பி.ஜே. தளத்துல கொல்லப்பட்ட ஊடகப் பணியாளர்கள்னு தனிப் பட்டியல் இருக்கு. அடுத்த மே 3-க்கு ரேங்க்கைத் தேடுறவங்க அதையும் ஒரு தடவை திறந்து பாருங்க.